கணக்குப் பிசகினால் இழு

நானா,

உங்கள் கயிறு இன்று காலை பல்லேகமவுக்கு வந்து சேர்ந்தது. மாத்தளையிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கொண்டக்டர் சாக்கு மூட்டையை என் காலடியில் போட்டு, "இரும்புக்கடை மொதலாளி வூட்டுலேருந்து குடுத்தாங்க" என்றான். நான் ராத்தா என்று கூப்பிடும் உங்கள் மனைவி ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்கவில்லை. ராத்தா வார்த்தையை வீணாக்குகிற ஆள் இல்லை. அந்த விஷயத்தில் உங்களுக்கு நேர் எதிர்.

சாக்கை அவிழ்த்ததும் தும்பு வாசம் வந்தது. அதற்கு அடியில் எஞ்சின் எண்ணெய் வாசம், நாலு வருஷம் கழித்தும். பாகத்துக்கு, அதாவது ஆறடிக்கு, ஒரு முடிச்சாக நீங்கள் போட்ட பதினைந்து முடிச்சும் அப்படியே இருந்தன. எட்டாவது முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் கயிறு கொஞ்சம் மழமழப்பு. என் உள்ளங்கைத் தோல் உரிந்து போன இடம் அது.

எனக்கு இந்த மாதிரிக் கடிதம் எழுத வராது. நான் வேலை செய்யும் கந்தோருக்கு அறிக்கை எழுதத்தான் தெரியும். ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள் என்று எழுதப் போனேன். நீங்கள் போய் நாற்பது நாள் இன்னும் ஆகவில்லை, பழக்கம் விடவில்லை.

மாத்தளைக்கு மாற்றலாகி வந்தபோது என்னிடம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழும் ஒரு ட்ரங்குப் பெட்டியும் இருந்தன. பெட்டியில் அடங்காத அளவுக்குத் தலைக்கனமும் இருந்தது. உங்கள் கடைக்கு மேலே இருந்த அறை எனக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வந்தால் கடைக் கதவைச் சாத்திவிட்டு, கப்பி, வாளி, லாந்தர், இந்தக் கயிறு எல்லாவற்றையும் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு லக்கலைப் பக்கம் போய்விடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை சேறும் சிரிப்புமாகத் திரும்புவீர்கள். கிணறு இல்லாத ஊர்களுக்குக் கிணறு. ஒரு சதம் வாங்குவதில்லை.

"ஏன் நானா இதைச் செய்யிறியள்? இது அரசாங்கத்தின்ரை வேலையெல்லே?" என்று முதல் மாதமே கேட்டேன்.

"சரி தம்பி. அரசாங்கம் வரும்வரைக்கும் தண்ணி குடிக்காம ஈக்கச் செல்லவா?"

உங்கள் வாயில் 'இருக்க' 'ஈக்க' ஆகும், 'சொல்ல' 'செல்ல' ஆகும் என்பது பழக எனக்கு நாள் பிடித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நானும் பஸ் ஏறினேன். உங்களை மெச்சி ஏறவில்லை, உங்களைத் திருத்த ஏறினேன். எனக்கும் உங்களுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். நீங்கள் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். உங்கள் கப்பிக்கால் சாய்வு பிழை என்றேன், கல்லுக்கட்டின் கனம் தேவைக்கு மேல் என்றேன். பாதி விஷயத்தில் நான் சொன்னது சரி, நீங்களும் மாற்றிக்கொண்டீர்கள். மற்றப் பாதியில் நீங்கள் அசையவில்லை. "இஞ்ஜினியர் மாத்தயா செல்றது புத்தகத்துல சரி" என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சொல்லிவிட்டு, உங்கள் பாட்டுக்கு முடிச்சைப் போடுவீர்கள்.

நீங்கள் அசையாத விஷயங்களில் ஒன்று கயிறு. கிணற்றுக்குள் இறங்குகிறவன் நெஞ்சில் கயிறு கட்டாமல் இறங்கக்கூடாது. அதன் மறுமுனையை, அவனை இறங்கச் சொன்னவன்தான் பிடிக்க வேண்டும், வேறு ஒருவர் கையில் கொடுக்கக்கூடாது. இன்னொன்று வாய்ப்பாடு. உள்ளே இருக்கிறவன் வேலை செய்துகொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும். பிசகினால் மேலே இருப்பவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் இழுக்க வேண்டும்.

முதல் தடவை கேட்டபோது நான் சிரித்தேன். "பள்ளிக்கூடமா நடத்திறியள்? உள்ளுக்கை இருக்கிறவனை 'சரியோ?' எண்டு கேட்டால் போதாதே?"

நீங்கள் சிரிக்கவில்லை. இளவயதில் டவுனில் ஒரு பழைய கிணறு துப்புரவாக்கும்போது உங்கள் கூட்டாளி ஒருவர் உள்ளே இருந்தாராம். "சரியா?" என்று மேலிருந்து கேட்கக் கேட்க, "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசி ஆமாவுக்கும் அவர் விழுந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லை.

"ஆமான்னு செல்ல மூள தேவல்ல தம்பி. கணக்கு செல்லத்தான் மூள வேணும். கொரல் நிக்கிறதுக்கு முந்தி கணக்கு பிசகும்."

ராமையாவுக்கு வாய்ப்பாடு தெரியாது. தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து உங்களோடு சேர்ந்த கிணறு வெட்டி, என் வயதுக்காரன். அவனுக்கு மட்டும் ரயில் ஸ்டேஷன்களை அனுமதித்தீர்கள். "மாத்தளே, உக்குவளே, வத்துகாமம், கட்டுகஸ்தோட்ட, கண்டி" என்று கிணற்றின் அடியிலிருந்து கத்துவான். பொல்காவலை வரைக்கும் போய்விட்டு, திரும்ப மாத்தளையிலிருந்து புறப்படுவான்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

பல்லேகமவுக்கு உள்ளே ஒரு சிங்களக் கிராமத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வாய்க்கால் தண்ணீர் குடித்தார்கள். அதற்கு முந்திய கோடையில் வயிற்றோட்டத்தில், வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் இரண்டு வாங்குகள் காலியானதை ஆசிரியர் நமக்குக் காட்டினார். அந்த வாங்குகளில் அவர் இன்னும் யாரையும் இருத்தவில்லை. கிணறு நாற்பத்தைந்து அடி போய்விட்டது. அடியில் பாறை, பாறை வெடிப்பில் ஊற்று. ஊற்றை இறைத்தால்தான் பாறையை உடைக்கலாம். வாளியால் இறைத்து மாளவில்லை. வடகிழக்கில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் கிணறு இடிந்து, வேலை அடுத்த கோடைக்குப் போய்விடும்.

நான் தம்புள்ளையில் ஒரு மிளகாய்த் தோட்டக்காரரிடம் இரவல் வாங்கி, பெற்றோல் பம்ப் ஒன்று கொண்டு வந்திருந்தேன். எங்கள் ஊரில் வெங்காயத் தோட்டங்களுக்கு இறைக்கிற அதே மெஷின்.

நீங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போக ஆசிரியரின் சைக்கிளை இரவல் எடுத்தீர்கள். பள்ளிவாசல் நாலு மைல் தள்ளி.

"மெஷின் வெளிய ஈக்கட்டும். நான் வந்த பொறகு பாப்போம்" என்றீர்கள்.

"வெளியிலை வைச்சால் இருபத்தைஞ்சு அடிக்கு மேலை உறிஞ்சாது நானா. அது இயற்கை விதி, என்ரை பிடிவாதமில்லை."

"விதி ரெண்டு மணித்தியாலம் பொறுக்கும்."

விதி பொறுத்திருக்கும். நான் பொறுக்கவில்லை. உங்கள் சைக்கிள் வளைவில் மறைந்ததும் வேலையைத் தொடங்கினேன். இருபது அடி ஆழத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் குழி தோண்டி, குறுக்கே இரண்டு மரங்களைச் செருகி, பரண் அமைத்து, மெஷினை அதில் இறக்கிப் பூட்டினேன். அங்கிருந்து பாறைக்கு இருபத்தைந்து அடி. கணக்கு அச்சொட்டாக இருந்தது. எங்கள் ஊரில் கிணற்றுக்குள் இப்படி மெஷின் வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க் கிணறு ஆழம் குறைவு, வாய் அகலம், மேலே வானம் திறந்து கிடக்கும். இது நாலு பாகம் சுற்றளவுகூட இல்லாத குழாய். அந்த வித்தியாசம் என் மூளைக்கு எட்டவில்லை.

சோதிக்காமல் விடவும் இல்லை. மெஷினை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து லாந்தரை அடிவரை இறக்கினேன். சுடர் நேராக நின்று எரிந்தது. "பாத்தியே ராமையா, காத்து நல்லாயிருக்கு" என்றேன்.

"அப்ப எறங்குறேங்க ஐயா."

பத்து நிமிஷம் பாறையில் அடித்தான். பிறகு சைகை காட்டினான்: குனிந்து அடிக்கும்போது கயிறு காலில் சிக்குகிறது, கழற்றவா? நான் தலையாட்டினேன். கழற்றினான். ஸ்டேஷன் பெயர்களைச் சொன்னானோ இல்லையோ எனக்குத் தெரியாது. மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கேட்காததை நான் பெரிதாக எடுக்கவும் இல்லை. விளக்கு எரிந்ததே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

உங்கள் சைக்கிள் மதகடியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் தொப்பியோடு ஓடி வந்துகொண்டிருந்தீர்கள். ஓடும்போதே கத்தினீர்கள்.

"மெஷின் சத்தம் கெணத்துக்குள்ளேந்து வருது! நிப்பாட்டு! நிப்பாட்டுடா!"

பெற்றோல் குழாயில் கட்டி மேலே விட்டிருந்த சணலை இழுத்து, குழாயைப் பிடுங்கினேன். மெஷின் இருமி அடங்கியது. அந்த அமைதியில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். ராமையா பாறையில் சுவரோடு சாய்ந்து, தூங்குகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் லாந்தர் எரிந்துகொண்டே இருந்தது.

"விளக்கு எரியுது நானா..." என்றேன்.

"கராஜ் கதவ மூடிட்டு லொறிய ஸ்டார்ட் பண்ணுவியா? மெஷின் பொகையில வெளக்கு எரியும்! மனிசன்தான் அணைவான்!"

நான் கிணற்று விளிம்பில் கால் வைத்துவிட்டேன். நீங்கள் பிடரியில் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்தீர்கள். என்னை அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் அப்படி அடித்ததில்லை.

"நீயும் செத்தா ரெண்டு மையத்து தூக்க என்ட்ட கயிறு இல்ல. நில்லு!"

ஆசிரியரின் குடையைப் பிடுங்கி, விரித்து, கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழும் இறைப்பதுபோல அடித்தீர்கள். ஊர்ச்சனம் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரை உள்ளே வீசியது, தண்ணீரோடு காற்றும் இறங்கட்டும் என்று. ஊற்றை இறைக்க வந்தவர்கள் கிணற்றுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் நான் அரை மணி என்பேன். ஆறு நிமிஷம் என்று ஆசிரியர் பிறகு சொன்னார். கடிகாரம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு இந்தக் கயிற்றை உங்கள் நெஞ்சில் கட்டினீர்கள்.

"நான் இறங்கிறன்" என்றேன். "நான் செய்த பிழை."

"ஒன்ட பிழதான். அதான் கயிறு ஒன்ட கையில. பிசகினா இழு."

இன்னொரு கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். அதன் முனையை ஊர் ஆட்கள் நாலு பேர் பிடித்தார்கள். உங்கள் கயிறு என் கையில். குழாய்க்குள்ளிருந்து உங்கள் குரல் பெரிதாக வந்தது. ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருவத்தொண்டு. பரணைத் தாண்டினீர்கள். எழுபது வந்ததும் மறுபடி ஓரேழு. அடிக்குப் போனீர்கள். வாய்ப்பாட்டுக்கு நடுவில், "மூச்சு ஈக்கு! மூச்சு ஈக்கு!" என்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினீர்கள். மேலே யாரோ அழுதார்கள். நான்தானோ தெரியாது.

ராமையாவைக் கட்டியாயிற்று. ஆட்கள் இழுத்தார்கள். அவன் தலை தொங்க ஏறி வந்து, நான் அடித்த பரணின் அடிமரத்தில் தோள் மாட்டி நின்றான். இழுக்க இழுக்க இன்னும் இறுகினான். விட்டால் விழுவான். நீங்கள் என் கயிற்றைப் பிடித்துப் பரணுக்கு ஏறி, மெஷினோடு ஒட்டி நின்று, காலால் மரத்தை உதைத்து, கையால் அவனைத் தள்ளினீர்கள். சூடான மெஷின் பக்கத்தில், புகை அதிகமாகத் தங்கியிருந்த இடத்தில் நின்றீர்கள். அதை நான் பிறகுதான் கணக்குப் போட்டேன்.

"ஆறேழு நாப்பத்திரண்டு. ஏழேழு நாப்பத்தொம்பது. எட்டேழு..."

ஒரு இடைவெளி.

"எட்டேழு அம்பத்திநாலு."

என் கை தானாக இறுகியது. எட்டாவது முடிச்சு உள்ளங்கையில் ஏறியது.

"இழுக்காத!" என்று கத்தினீர்கள். "இவன் மொதல்ல! இழுக்காத!"

குரல் தெளிவாக இருந்தது. கோபம்கூட இருந்தது. இழுத்தால் ராமையா மரத்தில் தொங்குவான். இழுக்காவிட்டால்? நான் இழுக்கவில்லை. வாழ்க்கையில் எதற்கும் பொறுக்காத நான் அப்போது பொறுத்தேன்.

"எட்டேழு அம்பத்திநாலு" என்றீர்கள். திரும்பவும், "எட்டேழு அம்பத்திநாலு." திரும்பவும். கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி அதே இடத்தில். பிறகு மரம் முறிந்த சத்தம் கேட்டது. ராமையா விடுபட்டு மேலே வந்தான். அவன் கால் விளிம்பைத் தாண்டியபோது உங்கள் குரல் நின்றது. என் கயிறு ஒரே இழுப்பாகக் கனத்தது. முடிச்சுகள் என் கைக்குள்ளால் ஓடின. மற்றவர்கள் வந்து பிடித்திராவிட்டால் நான் விட்டிருக்க மாட்டேன், உள்ளே விழுந்திருப்பேன்.

ராமையா மர நிழலில் கிடந்து வாந்தி எடுத்தான். சாயந்தரம் எழுந்து உட்கார்ந்து, "பொல்காவல வந்துருச்சாங்க?" என்று கேட்டான். எல்லோருமாக இழுத்தெடுத்த நீங்கள் கண் திறக்க மறுநாளாயிற்று.

ஆள் பழையபடி எழுந்து வந்தீர்கள். அதே சத்தம், அதே பகிடி. ஆனால் தலையிடி போகவில்லை. விரல் நடுங்கியது. கடை வாசலில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்ப்பீர்கள். ஏழேழு வரைக்கும் மெயில் கோச்சி மாதிரி ஓடும். எட்டேழில் நிற்கும். "இந்த எடத்துல தண்டவாளத்த யாரோ கழட்டிட்டாங்கடா" என்று சிரிப்பீர்கள். உள்ளே ராத்தா பாத்திரத்தைச் சற்று உரக்க வைப்பது கேட்கும்.

கிணறு வேலையை விடவில்லை. ஆனால் கயிற்றைத் தொட மறுத்துவிட்டீர்கள். "கணக்கு பிசகினவன் கயிறு புடிக்கக்கூடாது" என்றீர்கள். மற்றவர்களுக்குப் போட்ட விதியை உங்கள் மேலும் போட்டுக்கொண்டு, குடையோடு ஒரு கல்லில் உட்கார்ந்து எங்களைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு வருஷம் கழித்து, மாத்தளைக்குத் திரும்பும் பஸ்ஸில், நான் கேட்டேன். ஆறுதல் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

"நானா, அண்டைக்கு நான் இழுத்திருக்க வேணுமா?"

"ஓ. இழுத்தீக்கணும்."

"நீங்கள்தானே இழுக்காதை எண்டு கத்தினியள்!"

"பிசகின பொறகு கத்தினது நான் இல்ல தம்பி. காத்து."

"அப்ப ராமையா?"

நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள்.

"அது வேற கணக்கு" என்றீர்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நமக்குள் வரவே இல்லை. போன மாதம் நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். இனி வரப்போவதும் இல்லை.

இன்று உங்கள் கயிற்றைக் கொண்டுதான் வேலை செய்தோம். அதே பள்ளிக்கூடத்துக்கு மேற்கே, இன்னொரு ஊர், இன்னொரு பாறை. மெஷின் இல்லை, வாளிதான். மேகமும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ராமையா உள்ளே. கயிறு என் கையில். மூன்று தடவை பொல்காவலை போய் வந்தான். நாலாவது தடவை, "மாத்தளே, வத்துகாமம், கட்டுகஸ்தோட்ட" என்றான்.

இழுத்தேன்.

"இழுக்காதீங்க ஐயா! இன்னும் ஒரே கல்லுதான்! இழுக்காதீங்க!"

குரல் தெளிவாக இருந்தது. கோபம்கூட இருந்தது. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். சேறு சொட்டச் சொட்ட விளிம்பில் வந்து உட்கார்ந்தான்.

"என்னாங்க ஆச்சு? நல்லாத்தானே இருந்தேன்?"

"உக்குவளை எங்கை?"

யோசித்தான். பல்லைக் காட்டினான். "பொஞ்சாதி கோவிச்சுக்கிட்டு அங்கதாங்க போய் இருக்கா, அவ அக்கா வூட்டுக்கு. அந்தப் பேரு வாயில வரமாட்டேங்குது."

லாந்தரை இறக்கினோம். குடையை அடித்தோம். அரை மணி நேரம் காத்திருந்தோம். கிணற்றுக் காற்றில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது. முன்பானால் அந்த அரை மணிக்காக ஊரையே திட்டியிருப்பேன். இன்று மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு அவன் இறங்கினான். உக்குவளையை மட்டும், மேலே நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, என்னைப் பழிப்பதுபோல நீட்டி நீட்டிக் கத்தினான்.

அன்று உங்களை இழுத்திருக்க வேண்டுமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. நீங்கள் சொன்னதை நான் ஏற்கவும் இல்லை. ராமையா உயிரோடு, பெண்டாட்டியோடு சண்டை பிடித்துக்கொண்டு இருக்கிறானே. ஆனால் அவன் "இழுக்காதீங்க" என்று கத்தியபோது என் கை உங்களுக்குத்தான் கீழ்ப்படிந்தது.

அவன் கண்டி தாண்டிப் பேராதனைக்குப் போகும் இடைவெளியில் நான் மெல்ல, உதடு அசையாமல் சொல்லிக்கொண்டேன். எட்டேழு ஐம்பத்தாறு. எட்டேழு ஐம்பத்தாறு, நானா.